யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

மேற்கோள்களை வைத்து ஒரு ஆய்வுத்துறைக்கு வரைபடம் போடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யார் பெயருமே போடவில்லை.

கேள்வி (முனைவர் பட்ட மாணவி): துறையில் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ரிவியூ எழுதுவதற்கு முன்னால் துறையின் மேப் ஒன்று போட்டுக்கொண்டு வா என்று என் கைடு சொல்லிவிட்டார். அதற்கான விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளைத் திறந்தால் சைட்டேஷன், கோ-சைட்டேஷன், பிப்ளியோகிராஃபிக் கப்ளிங் என்று வரிசையாகக் கேட்கிறது. மூன்றும் ஒன்றுதானா, எதை அழுத்துவது?

பதில்: மூன்றும் வேறு வேறு. மூன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு எது அழகாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல். அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். 'அ' என்ற கட்டுரை 'ஆ'வை மேற்கோள் காட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுவது நேரடி முறை. இரண்டு கட்டுரைகளின் பட்டியலிலும் பொதுவாக எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது கப்ளிங்; எம்.ஐ.டி.யில் இருந்த கெஸ்லர் 1963-ல் சொன்னது. கோ-சைட்டேஷன் இதற்குத் தலைகீழ்: இரண்டு பழைய கட்டுரைகளைப் பின்னால் வந்தவர்கள் எத்தனை முறை சேர்த்து மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. 1973-ல் அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத் யூனியனில் இரினா மார்ஷகோவாவும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே இதற்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது முக்கியமான இடம். கப்ளிங்கில் கட்டுரை அச்சேறிய அன்றே உறவு முடிவாகிவிடுகிறது, ஏனென்றால் அதன் பட்டியல் இனி மாறப்போவதில்லை. அதனால் போன மாதம் வந்த கட்டுரைகூடப் படத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். கோ-சைட்டேஷனில் அப்படி முடியாது, யாராவது மேற்கோள் காட்டினால்தான் அந்தக் கட்டுரை இருப்பதே தெரியும், அதற்கு வருடங்கள் ஆகும், ஆனால் இந்த உறவு காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும், அதுதான் அதன் சுவாரசியம். 1990-களில் யாரும் சேர்த்துப் பார்க்காத இரண்டு கட்டுரைகளை 2010-க்குப் பிறகு எல்லோரும் சேர்த்தே சொல்கிறார்கள் என்றால் துறைக்குள் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆக, இப்போது யார் எந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி என்றால் கப்ளிங். இந்தத் துறை எந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது என்றால் கோ-சைட்டேஷன். ஒரு கருத்து எந்த வழியாக நடந்து வந்தது என்றால் நேரடி மேற்கோள். 1964-லேயே யூஜின் கார்ஃபீல்டும் (இவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) கூட்டாளிகளும் டி.என்.ஏ. ஆய்வின் வரலாற்றை இந்த முறையில் வரைந்து காட்டினார்கள். எது துல்லியமானது என்று வல்லுநர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. போயாக், கிளாவன்ஸ் இருவரும் 2010-ல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளில் சோதித்தபோது கப்ளிங் சற்று முன்னாலும் நேரடி முறை கடைசியிலும் வந்தது. அதே இருவர் 2017-ல் நீண்ட காலத்துக்கான வகைப்பாட்டுக்கு நேரடி முறைதான் மேல் என்று எழுதினார்கள். உங்கள் கைடு ஏதாவது ஒன்றுதான் சரி என்று அடித்துச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள் (மெதுவாக).

இன்னொன்று, கட்டுரைகளுக்குப் பதிலாக ஆசிரியர்களையே கணுக்களாக, அதாவது படத்தின் புள்ளிகளாக, வைத்தும் கோ-சைட்டேஷன் போடலாம். ஒயிட், கிரிஃபித் இருவரும் 1981-ல் தகவல் அறிவியலுக்கு அப்படித்தான் போட்டார்கள். அதில் பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தேகூட இருக்க மாட்டார்கள், படிப்பவர்கள் அவர்களைச் சேர்த்து நினைக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கூட்டுழைப்பு வரைபடம் என்று தலைப்புப் போட்டு அச்சிட்ட கட்டுரைகளும் கண்ணில் பட்டிருக்கின்றன.

கேள்வி: அதிகம் மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரைகளைப் பட்டியல் போட்டாலே துறை தெரிந்துவிடுமே? எதற்கு இந்தப் படமெல்லாம்?

பதில்: தெரியாது. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் முதலிடத்தில் நீண்ட காலமாக இருப்பது 1951-ல் லோரியும் மற்றவர்களும் எழுதியது, கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழி. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். பயனுள்ள கட்டுரைதான், ஆனால் அதைப் படித்து உயிர்வேதியியல் எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? எண்ணிக்கை எவ்வளவு என்று மட்டும் சொல்லும். யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள் என்பதைக் கோடுகள்தான் சொல்லும்.

கேள்வி (நூலகர்): இதையெல்லாம் யார் ஆரம்பித்தது? நூலகத்துறை ஆளுக்கு இதில் பங்கு உண்டா?

பதில்: உண்டா என்றா கேட்கிறீர்கள்! யூஜின் கார்ஃபீல்டு நூலக அறிவியல் படித்தவர். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதல் ஷெப்பர்ட்ஸ் என்றொரு தொகுப்பு இருந்தது, ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எப்படிக் கையாண்டன என்று அதில் பார்க்கலாம். அதே வேலையை அறிவியல் கட்டுரைகளுக்குச் செய்யலாம் என்று 1955-ல் சயின்ஸ் இதழில் எழுதினார், 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. அவர் நினைத்தது தேடலுக்கான கருவி. ஆளை எடைபோடும் தராசாக அது பின்னால் மாறியது. அந்தத் தரவை வலைப்பின்னலாகப் பார்த்தவர் டெரிக் டி சொல்லா பிரைஸ், 1965-ல். புதிய கட்டுரைகள் சமீபத்திய சில கட்டுரைகளையே திரும்பத் திரும்ப இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன என்று காட்டி, அந்த இடத்துக்கு ஆய்வு முகப்பு என்று பெயர் வைத்தார். இதற்கெல்லாம் முன்பே, 1948-ல், நூலக வேலைகளை எண்களால் அளக்க லைப்ராமெட்ரி என்று ஒரு துறை வேண்டும் என்று சொன்னவர் எஸ்.ஆர். ரங்கநாதன். இனி யாராவது கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்லுங்கள்.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): எங்கள் துறையில் யார் யாரோடு கூட்டுச் சேர்ந்து ஆய்வு செய்கிறார்கள் என்று இணையாசிரியர் வரைபடம் போட்டேன். நடுவில் பெரிய பந்தாக ஒரு கூட்டம், சுற்றிலும் தனித்தனியாகச் சிலர். அந்தப் பந்தில் இருப்பவர்கள்தான் கூட்டுழைப்பில் சிறந்தவர்கள் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். முதலில் அந்தப் பந்தை ஊதியது எது என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு கட்டுரைகளாக இருக்கும்.

2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்ன் துகள் முடுக்கியில் வேலை செய்யும் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டு குழுக்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன, ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் பெயர்ப் பட்டியலே பெரும்பகுதி. முழு எண்ணிக்கை முறையில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் இணைத்தால் அந்த ஒரே கட்டுரையிலிருந்து 1 கோடியே 32 லட்சத்துக்கும் மேல் கோடுகள் வரும். மூன்று பேர் வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு மூன்று கோடுகள்தான். இதற்காகத்தான் பின்ன எண்ணிக்கை இருக்கிறது: ஆசிரியர்கள் கூடக்கூட ஒவ்வொரு கோட்டின் எடையும் குறையும். விஓஎஸ்வியூவரிலேயே இரண்டுக்கும் தேர்வு இருக்கிறது, அதிக ஆசிரியர்கள் உள்ள கட்டுரைகளை விட்டுவிடும் வசதியும் இருக்கிறது. அதன் எல்லை 25 என்று முதலிலேயே வைத்திருப்பார்கள், உங்கள் துறைக்கு அது பொருந்துமா என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

துறைக்குத் துறை பழக்கமும் வேறு. மார்க் நியூமன் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் உயர் ஆற்றல் இயற்பியலில் ஒரு ஆளுக்குச் சராசரி 173 கூட்டாளிகள், அவர் எடுத்துக்கொண்ட கணினி அறிவியல் தரவில் நான்குக்கும் குறைவு. கணினிக்காரர்கள் யாரோடும் சேரமாட்டார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லமுடியுமா? துகள் முடுக்கியை மூன்று பேர் இயக்க முடியாது, அல்காரிதம் ஒன்றை மூன்று பேர் எழுதலாம். ஒரே படத்தில் இரண்டு துறைகளை வைத்து ஒப்பிட்டால் கருவியின் அளவைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

பெயர் வரிசையும் அப்படியே. கணிதத்திலும் பொருளாதாரத்திலும் அகரவரிசை வழக்கம், மருத்துவ உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. இதெல்லாம் போக, காட்ஸும் மார்ட்டினும் 1997-ல் எழுதியதைப் படிக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி. இணையாசிரியராக வருகிற எல்லோரும் கூடி உழைத்தவர்கள் இல்லை, கூடி உழைத்த எல்லோரும் ஆசிரியர் பட்டியலில் வருவதும் இல்லை என்பதைப் பொறுமையாகக் காட்டியிருப்பார்கள். கருவி இயக்கியவர், தரவு சேகரித்தவர், ஒரு மாலை பேச்சில் முக்கியமான யோசனை சொன்னவர், இவர்கள் நன்றியுரையில் இருப்பார்கள், இல்லையென்றால் எங்கும் இருக்க மாட்டார்கள்.

சுற்றிலும் தனியாக இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் சிலர் உண்மையில் தனியாக இல்லை, வேறு துறைக்காரர்களோடு எழுதுகிறார்கள், நீங்கள் தேடிய சொற்களுக்குள் அந்தக் கட்டுரைகள் சிக்கவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் மெல்லிய கோட்டில் தொங்கிக்கொண்டிருப்பவரையும் கவனியுங்கள். அவருக்குக் கோடுகள் குறைவாக இருக்கும், ஆனால் அவரை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் அறுந்துபோகும். இதை அளக்க 'பிட்வீன்னஸ்' என்ற அளவை இருக்கிறது, ஃப்ரீமன் 1977-ல் கொடுத்தது. என்னைக் கேட்டால் நடுப்பந்தைவிட அவரோடு பேசினால்தான் துறை எங்கே திரும்புகிறது என்று தெரியும்.

கேள்வி: தரவை எங்கே எடுப்பது? கூகுள் ஸ்காலர் போதாதா, அது இலவசமாச்சே?

பதில்: தேடுவதற்கு நல்லது. வரைபடம் போடப் போதாது, ஏனென்றால் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களை மொத்தமாகத் தராது, பட்டியல் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் என்ற தரவுத்தளங்கள் இரண்டும் தரும், ஆனால் நிறுவனம் சந்தா கட்டியிருக்கவேண்டும். சந்தா இல்லையென்றால் 2022-ல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது, 2021 முடிவில் மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவை நிறுத்தியபோது அந்த இடத்தை நிரப்ப வந்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். பதிப்பகங்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபிலும் மேற்கோள்கள் இப்போது திறந்தே இருக்கின்றன. திறந்த தரவில் சில கட்டுரைகளுக்குப் பட்டியல் காலியாக இருக்கும், அதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஸ்கோபஸில் இறக்கும்போது மேற்கோள்களையும் சேர் என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்து, பிறகு கப்ளிங் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுகிறவர்கள் நிறைய. டிக் செய்யுங்கள்.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. இதில்தான் நேரம் போகும், இதைப் பற்றி யாரும் பெருமையாக எழுதுவதில்லை. ஒரே ஆள் ஒரு கட்டுரையில் முழுப்பெயராகவும் இன்னொன்றில் முன்னெழுத்தோடும் இருப்பார், படத்தில் இரண்டு ஆளாகிவிடுவார். அதைவிட ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம்: வாங், கிம், குமார் போன்ற பெயர்களில் பல பேர் ஒரே கணுவாகச் சுருண்டு, உலகம் முழுக்க எல்லாத் துறையிலும் எழுதித் தள்ளும் ஒரு மகாமேதை உருவாகிவிடுவார். நடுவில் அப்படி ஒருவர் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். 2012-ல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகத்தான், ஆனால் பழைய கட்டுரைகளில் பெரும்பாலும் அது இருக்காது. விஓஎஸ்வியூவருக்கு 'தெசாரஸ்' கோப்பு என்று ஒன்று கொடுக்கலாம், இரண்டு நெடுவரிசை, இடப்பக்கம் தரவில் இப்போது இருக்கும் பெயர், வலப்பக்கம் அதற்குப் பதிலாக வரவேண்டிய பெயர். இதனால் ஒரே ஆளின் பல வடிவங்களைச் சேர்க்கலாம். பல ஆட்கள் ஒரே பெயரில் கலந்துபோனதைப் பிரிக்க இது உதவாது, அதற்குத் தரவுக்குள் போய்த்தான் திருத்தவேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற பேராசிரியர்): மேற்கோள் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டுரையைப் படிப்பதே இல்லை. பொய்யை வைத்து வரைந்த படம் எப்படி உண்மையாகும்?

பதில்: கோபம் நியாயமானது, ஆதாரமும் உண்டு. சிம்கின், ராய்சௌத்ரி இருவரும் 2003-ல் வேடிக்கையான ஒரு வழியில் பார்த்தார்கள். ஒரு பிரபல இயற்பியல் கட்டுரைக்கு வந்த சுமார் 4,300 மேற்கோள்களில் 196-ல் அச்சுப்பிழை, ஆனால் வேறுபட்ட பிழைகள் 45 மட்டுமே, அதில் ஒரே தவறான பக்க எண் 78 முறை. தானே கட்டுரையைப் பார்த்து எழுதியவர்கள் 78 பேரும் ஒரே தவறைச் செய்ய வாய்ப்பில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் நகல் எடுத்திருக்கிறார்கள். படித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். விவரத்தை நகல் எடுத்தவர் கட்டுரையைப் படித்தே இருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் படம் கேட்கும் கேள்வி வேறு, அங்கேதான் நான் உங்களோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன். யார் எதைப் படித்தார்கள் என்று படம் சொல்வதில்லை. ஒருவர் எந்தக் கூட்டத்தில் தன்னை வைத்துக்கொள்கிறார் என்று சொல்கிறது. படிக்காமல் நகல் எடுத்தாலும் யாருடைய பட்டியலைப் பார்த்து எடுத்தார் என்பது ஒரு தகவல்தானே! எந்த ஒரு மேற்கோளையும் தனியாக நம்பாதீர்கள், ஆயிரக்கணக்கானவை சேரும்போது தெரியும் உருவத்தைப் பாருங்கள்.

கெடுதல் எங்கே என்றால், எல்லோரும் சம்பிரதாயத்துக்குச் சேர்க்கும் கட்டுரைகளில். மேலே சொன்ன புரதக் கட்டுரை போன்ற செய்முறைக் கட்டுரைகள், புள்ளியியல் மென்பொருள் கட்டுரைகள், இவை சம்பந்தமே இல்லாத கூட்டங்களை ஒட்டிவிடும். எண்ணிக்கையைச் சமப்படுத்தும் கணக்குமுறை இதில் ஓரளவு காப்பாற்றும், மீதியை நீங்களே பார்த்து நீக்கவேண்டும். மறுப்பதற்காகக் காட்டும் மேற்கோளும் படத்தில் அதே கோடுதான்: தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த 1998 லான்செட் கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது, இன்னும் மேற்கோள் வாங்குகிறது, பெரும்பாலும் தவறு என்று சொல்வதற்காக. படத்தில் அது பெரிய வட்டமாகக் கம்பீரமாக நிற்கும். இன்னொரு பக்கம், கால்குலஸைப் பயன்படுத்துகிறவர் யாரும் நியூட்டனை மேற்கோள் காட்டுவதில்லை. எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட கருத்து படத்திலிருந்து மறைந்துவிடும்.

கேள்வி: மென்பொருள் கட்டுரைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிறம் கொடுத்ததில் என் படத்தில் ஏழு நிறம் வந்தது. ஏழு உட்துறைகள் இருக்கின்றன என்று எழுதினேன். ஏன் ஏழு, ஆறோ பத்தோ இல்லாமல் என்று ரிவியூவர் கேட்கிறார்.

பதில்: ரிவியூவர் விஷயம் தெரிந்தவர். கூட்டங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்று முடிவு செய்யும் 'ரெசல்யூஷன்' என்ற எண்ணை 1-லிருந்து 1.5 ஆக்கிப் பாருங்கள், நிறங்கள் கூடும், 0.5 ஆக்கினால் குறையும். ஏழு என்பது அந்த எண்ணும் நீங்கள் வைத்த குறைந்தபட்ச மேற்கோள் வரம்பும் சேர்ந்து கொடுத்த விடை. இரண்டு மூன்று அளவில் ஓட்டி, எந்தக் கூட்டங்கள் கலையாமல் நிற்கின்றன என்று பார்த்து அவற்றைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஐந்தாறு கட்டுரைகளையாவது திறந்து படித்துவிட்டுப் பெயர் வையுங்கள், மென்பொருள் பெயர் வைக்காது.

இன்னொன்று, மேலே கீழே, இடது வலது என்பதற்கு அந்தப் படத்தில் பொருளே கிடையாது. தூரத்துக்கு மட்டும் ஓரளவு பொருள் உண்டு. "இத்துறை இடப்புறத்திலிருந்து வலப்புறமாக வளர்ந்திருக்கிறது" என்று எழுதியிருந்தால் அடுத்த சுற்றில் வருவதற்குள் அடித்துவிடுங்கள்.

கேள்வி: படத்தில் வெற்றிடமாகத் தெரிவதுதான் ஆய்வு இடைவெளியா? தலைப்புத் தேட இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் வெற்றிடத்தைக் கண்டவுடன் குதிக்காதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டான் ஸ்வான்சன் 1986-ல் செய்ததைப் பாருங்கள். குளிரில் விரல்களுக்கு ரத்தம் போகாமல் வெளுத்துவிடும் ரேனாட் என்ற நோய் பற்றி ஒரு குவியல் கட்டுரைகள். மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று இன்னொரு குவியல். இரண்டும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை என்று சொல்லுமளவுக்குப் பிரிந்து கிடந்தன. ரேனாட் நோயாளிகளின் ரத்தம் பிசுபிசுப்பு அதிகம் என்று முதல் குவியலிலேயே இருந்தது. ஸ்வான்சன் ஆய்வகம் பக்கம் போகாமல் இரண்டையும் படித்து, மீன் எண்ணெய் உதவக்கூடும் என்று எழுதினார். 1989-ல் வந்த ஒரு சிறு மருத்துவச் சோதனை, வேறு நோயின் பகுதியாக இல்லாமல் தனியாக வரும் ரேனாட் நோயாளிகளிடம் பலன் தெரிவதாகக் காட்டியது.

அவர் வெறும் வெற்றிடத்தைப் பார்க்கவில்லை, இரண்டு கரையிலும் ஒரே சொல் இருப்பதைப் பார்த்தார். நீங்களும் அதைத்தான் தேடவேண்டும்: மேற்கோளால் இணையாத, ஆனால் ஒரே பிரச்சினையைப் பேசுகிற இரண்டு கூட்டங்கள். மேற்கோள் படத்தோடு, கட்டுரைகளில் சேர்ந்து வரும் சொற்களின் படத்தையும் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இது தட்டுப்படும். அப்படி எதுவும் இல்லாத வெற்றிடம் பல சமயம் அங்கே செய்ய ஒன்றும் இல்லாததால் காலியாக இருக்கிறது. இல்லையென்றால் தரவுத்தளம் அங்கே எட்டவில்லை. நூல்களாக எழுதும் இலக்கியம், வரலாறு போன்ற துறைகள், ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுகிறவர்கள், இவர்கள் பக்கம் படம் எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும்.

கேள்வி: படத்தைத் தீஸிஸில் ஒட்டி, கீழே "விஓஎஸ்வியூவரில் வரைந்தது" என்று போட்டால் போதுமா?

பதில்: போதாது. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் இறக்கியது, தேடிய சொற்றொடர் எழுத்து மாறாமல், எத்தனை கட்டுரை வந்து எத்தனை மிஞ்சியது, குறைந்தபட்ச வரம்பு, முழு எண்ணிக்கையா பின்ன எண்ணிக்கையா, ரெசல்யூஷன் எண், மென்பொருளின் பதிப்பு. 'தெசாரஸ்' கோப்பைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். எல்லாம் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும்.